கிண்ணத்து நீரில் கரையாத அப்பம்

போலந்தின் வடகிழக்கு மூலையில், பெலாரஸ் எல்லைக்கு அருகே, சொகூல்கா என்று ஒரு சிறு நகரம். 2008 அக்டோபர் 12, ஞாயிறு காலைப் பூசை. புனித அந்தோனியார் கோவிலில் நன்மை (நற்கருணை) கொடுத்துக்கொண்டிருந்த குருவின் கையிலிருந்து ஓர் அப்பம் தவறிக் கீழே விழுந்தது. கத்தோலிக்கக் கோவில்களில் இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. மந்திரித்த அப்பத்தைக் குப்பையில் போட முடியாது. அழுக்குப் பட்டதை வாயில் போட்டுக்கொள்ளவும் எல்லா நேரமும் முடியாது. நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணத்து நீரில் போட்டுவிடுவார்கள். சில நாளில் அது கரைந்துபோகும். பிறகு அந்த நீரைக் கால்படாத மண்ணில் ஊற்றிவிடுவார்கள். சொகூல்காவிலும் அதைத்தான் செய்தார்கள். சக்ரீஸ்துப் பொறுப்பில் இருந்த கன்னியர் அதை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது அப்பம் முழுதாகக் கரைந்திருக்கவில்லை. நடுவில் இரத்தச் சிவப்பில் ஒரு திட்டு.

2009 ஜனவரியில் அதிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த இரண்டு நோய்க்கூறியல் பேராசிரியர்கள், சாகும் தறுவாயில் இருக்கும் மனித இதயத்தசையை ஒத்திருக்கிறது என்றார்கள். இது பாக்டீரியா வேலையாக இருக்கலாம் என்று போலந்திலேயே வேறு சில அறிவியலாளர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பியாவிஸ்தோக் உயர்மறைமாவட்டம் வெளியிட்ட அறிக்கை அளந்து பேசியது: நடந்தது திருச்சபையின் விசுவாசத்துக்கு எதிரானதல்ல, அதை உறுதிப்படுத்துவது. 2011 முதல் அந்தத் துணுக்கு பொது வணக்கத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட செய்தி வரும்போது எல்லார் கண்ணும் சிவப்புத் திட்டின் மேல் போகிறது. எனக்கென்னவோ அந்தக் கிண்ணம்தான் உறுத்துகிறது. 1996இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் கோவிலின் பின்பக்கம் யாரோ விட்டுப்போன ஓர் அப்பம் கிடைத்தது. அதையும் நீரில்தான் போட்டார்கள். 2013 கிறிஸ்துமஸ் அன்று போலந்தின் லெக்னிட்சாவில் விழுந்த அப்பம், அதுவும் நீரில். நம் காலத்து நற்கருணை அற்புதங்களில் பேர்பெற்றவை பலவும் பீடத்தின் மேல், குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில், மணி அடிக்கும்போது நடந்தவை அல்ல. கரைவதற்காக நீரில் விட்டு, யாரும் கவனிக்காமல் ஒரு வாரம் கிடந்த அப்பத்தில் நடந்தவை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அப்பம் அப்பமாக இருக்கும்வரைதான் அதில் கிறிஸ்துவின் பிரசன்னம் உண்டு என்பது கத்தோலிக்கப் போதனை. கரைந்து உருத்தெரியாமல் போனால் அது நற்கருணை இல்லை. நீரில் போடுவதே அதற்காகத்தான். ஆக, ‘இனி இது நற்கருணை அல்ல’ என்று சொல்லத் திருச்சபை எந்த இடத்தில் காத்திருக்கிறதோ, அதே இடத்தில் ‘இதோ சதை, இதோ இரத்தம்’ என்று ஒன்று எழுந்து நிற்கிறது. நுண்ணுயிரியல் படித்தவரோ அதே கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, ஈரமான மாவும் ஒரு வார அவகாசமும் கிடைத்தால் எது முளைக்காது என்று கேட்கிறார்.

பழைய ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ‘அப்ப இரச குணங்கள்’ என்ற சொல் ஞாபகம் இருக்கும். நற்கருணைக்குச் சற்பிரசாதம் என்றும் பெயர் வழங்கிய காலம் அது. பூசையில் குரு அப்பத்தை அர்ச்சிக்கும் வசீகர வார்த்தைகளைச் சொன்னதும் அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகிறது. நிறம், மணம், சுவை, எடை என்ற குணங்கள் மட்டும் அப்பத்தினுடையவையாகவே நிற்கின்றன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இந்த மாற்றத்துக்குரிய சொல்லை ஏற்றுக்கொண்டது. 1551இல் திரெந்து சங்கம் புராட்டஸ்டன்ட் மறுப்புக்கு எதிரே அதை முளையடித்து நிறுத்தியது. இந்தப் போதனைப்படி உலகின் எந்தப் பீடத்திலிருந்தும் மந்திரித்த அப்பத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் கோதுமை மாவு என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டு எந்தக் கத்தோலிக்க இறையியலாளரும் பதற மாட்டார். மாவு என்று வந்தால்தான் போதனை சரி.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் சதை எதை நிரூபிக்கிறது? கேட்க எளிதான இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டாகத் திருச்சபையின் கூர்மையான ஆட்களைத் தூங்கவிடவில்லை.

கதைகள் கேள்விக்கு முன்பே பிறந்துவிட்டன. திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் 8ஆம் நூற்றாண்டிலேயே ஒன்றைச் சொல்கிறார்கள். உரோமையில் ஒரு பெண் நன்மை வாங்க வந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். காரணம் கேட்டால், அது தன் கையாலேயே சுட்டுக் கொண்டுவந்த அப்பமாம். அதைப் போய் கிறிஸ்துவின் உடல் என்கிறாரே என்று சிரிப்பு வந்ததாம். கிரகோரியார் செபித்தார். அப்பம் இரத்தம் தோய்ந்த விரலாகத் தெரிந்தது. அவள் நம்பினாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவளுடைய சிரிப்பு. இறையியல் தெரியாத, மாவு பிசைந்த கை சிரிக்கிற சிரிப்பு அது. பின்னால் வந்த அற்புதக் கதைகள் பலவற்றிலும் அவள் இடத்தில் சந்தேகிக்கும் குருவோ துறவியோ நிற்கிறார். சந்தேகம் சமையலறையிலிருந்து சக்ரீஸ்துக்கு இடம் மாறிவிட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கோர்பி மடத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்த இரண்டு துறவிகள், பாஸ்காசியுஸ் ராத்பெர்த்துஸும் ராத்ரம்னுஸும், நற்கருணையில் இருப்பது மரியாளிடம் பிறந்த அதே உடலா, வேறு விதமானதா என்று எதிரெதிராக எழுதினார்கள். பாஸ்காசியுஸ் தன் பக்கத்துக்கு வலுச்சேர்க்க அற்புதக் கதைகளைக் கைக்கொண்டார். 11ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்துப் பெரங்காரியுஸ் பிரசன்னத்தை அடையாளமாக விளக்கப்போய், 1059இல் உரோமையில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வைக்கப்பட்டார். விசுவாசிகளின் பற்களால் கிறிஸ்துவின் உடல் மெல்லப்படுகிறது என்ற அளவுக்குப் பச்சையான வாசகம் அதில் இருந்தது. 20 ஆண்டு கழித்து வந்த இரண்டாம் உறுதிமொழி அந்தப் பல்லை விட்டுவிட்டு உட்பொருள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. அறிஞர்கள் பல்லிலிருந்து பொருளுக்குப் போனார்கள். சனங்களின் கதைகள் பல்லோடேயே நின்றுவிட்டன. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில்தான் நற்கருணை அற்புதங்கள் குடியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

இத்தாலியின் பொல்சேனாவில் 1263இல் நடந்ததாகச் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த கதை. பிராகாவிலிருந்து வந்த சந்தேகக் குரு ஒருவர் பூசை செய்யும்போது அப்பத்திலிருந்து இரத்தம் சொட்டி, பீடத்துத் துகிலை நனைத்தது. அந்தத் துகில் இன்றும் ஒர்வியெத்தோ பேராலயத்தில் இருக்கிறது. ரபேல் வத்திக்கானில் சுவரோவியமாகவே வரைந்துவைத்தார். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா அதனால்தான் வந்தது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். ஆனால் திருத்தந்தை நான்காம் உர்பான் 1264இல் அந்த விழாவை நிறுவி எழுதிய ஆணையில் பொல்சேனாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விழாவுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் லீயேஜ் நகரத்து ஜூலியானா என்ற கன்னியர். லீயேஜ் ஆயர் 1246லேயே தன் மறைமாவட்டத்துக்கு அதை ஏற்றுக்கொண்டார். சொட்டிய இரத்தத்துக்குக் கிடைத்த பேரில் பாதியாவது அந்தப் பெண்ணின் விடாப்பிடிக்குக் கிடைத்திருக்கலாம்.

இத்தாலியின் இன்னோர் ஊரான லான்சியானோவுக்கு வருவோம். 8ஆம் நூற்றாண்டில் ஒரு துறவியின் கையில் அப்பம் சதையாகவும் இரசம் ஐந்து இரத்தக்கட்டிகளாகவும் மாறின என்பது மரபு. கைக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றோ 16ஆம் நூற்றாண்டுக்குரியது. நடுவே எண்ணூறு ஆண்டு வெறுமை. 1574இல் கட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது ஒரு கட்டியின் எடையும் ஐந்தின் எடையும் ஒன்றாக இருந்ததாம். 1970-71இல் அரெஸ்ஸோ மருத்துவமனையின் நோய்க்கூறியல் பேராசிரியர் ஒதோவார்தோ லினோலி நிறுத்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை. ஆனால் சதை மனித இதயத்தசை என்றும், இரத்தம் ஏபி வகை என்றும் அவர் அறிவித்தார். இவரைத் தள்ளிவிட முடியாது. தேர்ந்த ஆள், முடிவை மருத்துவ இதழில் அச்சிட்டும் வைத்தார். அந்தத் தசை மனிதத் தசை என்றே எடுத்துக்கொள்வோம். அது எப்போது, யார் கையால் அந்தப் பேழைக்குள் போனது என்பதை நுண்ணோக்கியிடம் கேட்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 500 சோதனைகள் செய்து இதை உறுதிப்படுத்தியது என்று ஒரு செய்தியும் வலம் வருகிறது. அந்த நிறுவனம் அப்படி அறிக்கை வெளியிட்டதற்கு ஒரு தடயமும் கிடையாது. உண்மையில் நடந்த ஆய்வோடு இல்லாத ஆய்வையும் ஒட்டவைத்தால் லினோலிக்குத்தான் அவமரியாதை.

புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறார். அப்பத்தின் இடத்தில் சதையோ குழந்தையோ தெரிந்தால் அங்கே கிறிஸ்துவின் உடல் உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறது என்கிறார். ஆனால் முன்பு எப்படி மறைவாக இருந்ததோ அப்படித்தான். நீங்கள் பார்ப்பது அவருடைய உடலின் சொந்த உருவம் அல்ல. அந்த உருவம் இருப்பது விண்ணகத்தில். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் கண்ணில் கடவுள் செய்த மாற்றம். எல்லாருக்கும் தெரிந்து நாட்கணக்கில் நீடித்தால் அப்பத்தின் குணங்களில் செய்த மாற்றம். எப்படியானாலும் அது ஓர் அடையாளம். இதைச் சொன்னவர் கையில் இன்றைய ஆய்வகத் தாளைக் கொடுத்தால் என்ன செய்வார்? மடித்துப் பையில் வைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். கிறிஸ்துவின் இதயத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நறுக்கலாம் என்ற எண்ணம் அவருடைய இறையியலுக்குள் நுழைய வழியே இல்லை.

பெரிய மனிதர்கள் இப்படி எச்சரித்தாலும் சனம் கேட்கவில்லை. 1383இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் வில்ஸ்னாக் கிராமத்தை ஒரு குறுநிலத் தலைவன் கொளுத்தினான். எரிந்த கோவிலின் இடிபாட்டில் மூன்று அப்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளி இரத்தம். ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்தார்கள். பிராகாவின் பேராயர் விசாரிக்க அனுப்பிய குழுவில் செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸும் இருந்தார். அவர் எழுதிவைத்த ஒரு காட்சி இது: கை சூம்பிய பிராகாக்காரர் ஒருவர் வில்ஸ்னாக்குக்கு வெள்ளிக் கை ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். கை குணமாகவில்லை. உடனே ஊர் திரும்பாமல் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். மூன்றாம் நாள் குரு அந்த வெள்ளிக் கையைத் தூக்கிக் காட்டி, இதைக் கொடுத்தவரின் கை குணமாகிவிட்டது என்று அறிவித்தார். நம் ஆள் தன் சூம்பிய கையை எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டி, ஏன் பொய் சொல்கிறீர் என்று கேட்டார்.

1451இல் கர்தினால் குசா நிக்கோலாஸ் ஒரே போடாகப் போட்டார்: இரத்தம் கசியும் அப்பங்களை யாரும் பொதுவில் காட்டக்கூடாது. அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. உயிர்த்த கிறிஸ்துவின் உடல் மகிமை பெற்ற உடல். அதன் இரத்தமும் மகிமை பெற்றது, கண்ணுக்குப் படாதது. காணிக்கைப் பணத்துக்காகக் குருக்கள் இதையெல்லாம் வளர்க்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். தடை நிற்கவில்லை, இரண்டே ஆண்டில் உரோமை தளர்த்திக்கொடுத்தது. கடைசியில் 1552இல் அந்த மூன்று அப்பங்களையும் ஒரு புராட்டஸ்டன்ட் போதகர் நெருப்பில் போட்டார்.

வில்ஸ்னாக்கில் போனது காசு. வேறு ஊர்களில் உயிர் போனது. யூதர்கள் அப்பத்தைத் திருடிக் குத்தினார்கள், அதிலிருந்து இரத்தம் வந்தது என்ற பழி 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பரவியது. 1298இல் ஜெர்மனியின் ரோட்டிங்கனில் கிளம்பிய பழி பிரான்கோனியா முழுக்கப் படுகொலையானது. 1338இல் பவேரியாவின் டெக்கென்டார்ஃபில் யூதக் குடும்பங்களைக் கொன்றார்கள். அப்பத்தைக் குத்திய கதை அதன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கொன்றவர்களில் கடன்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கதையின் மேல் எழுந்த கோவிலுக்கு 600 ஆண்டுக்கும் மேல் திருயாத்திரை நடந்தது. ரேகன்ஸ்பர்க் ஆயர் அதை நிறுத்தியது 1992இல். அற்புதம் நம்பிக்கைக்கு ஊட்டம் தருகிறது என்று சொல்கிற எந்தப் பேச்சும் டெக்கென்டார்ஃபைத் தாண்டி வந்த பிறகுதான் என் காதில் ஏறும்.

சிவப்புக்கு அறிவியல் காரணம் வந்த வழியும் சுவையானது. 1819இல் வட இத்தாலியில் பதுவாவுக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டில் சோளக்களி இரத்தமாகச் சிவந்தது. ஊர் பயந்துபோனது, பேய் வேலை என்றார்கள். பார்த்தலோமியோ பிட்சியோ என்ற மருந்தியலாளர் அதை வேறு களியில் தடவி, ஈரமான இடத்தில் வைத்து, அதுவும் சிவப்பதைக் காட்டினார். அவர் செர்ராசியா என்று பெயரிட்ட அந்த நுண்ணுயிர் உமிழும் சிவப்புச் சாயத்துக்கு இன்றும் புரொடிஜியோசின் என்றே பெயர். அதிசயம் என்பதற்கான இலத்தீன் சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1994இல் ஜொஹானா கல்லன் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் அதே கிருமியை நற்கருணை அப்பத்தில் வளர்த்து, பொல்சேனாவில் இதுவே நடந்திருக்கலாம் என்றார்.

ஆனால் செர்ராசியா தசை நாரை உண்டாக்காது. சொகூல்காவிலும் லெக்னிட்சாவிலும் தசை பார்த்ததாகச் சொன்னவர்களுக்குச் சிவப்புக் கிருமி பதில் ஆகாது. விசுவாசிகள் இதைச் சொல்வது நியாயம். சந்தேகிப்பவர்கள் பக்கத்துக் கேள்வி வேறு. மாதிரி என்னவென்று சொல்லாமல், வேறு மாதிரிகளோடு கலந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆய்வகங்களுக்கு அனுப்பி, கைமாறிய ஒவ்வோர் இடத்தையும் எழுதிவைத்து, முழுத் தரவையும் வெளியிட்ட சோதனை எத்தனை? எல்லா இடத்திலும் ஏபி வகை இரத்தமே வருகிறது என்பதை வலுவான சான்றாக அடுக்குகிறார்கள். பழைய மாதிரிகளில் ஏ, பி இரண்டு குறிகளையும் பாக்டீரியாக்களே தரக்கூடும் என்பது இரத்தவியல் அறிந்தவர்களுக்குப் பழைய செய்தி. புவனோஸ் அயர்ஸ் சம்பவம் நடந்தபோது அங்கே துணை ஆயராக இருந்தவர் ஹோர்கே பெர்கோலியோ. பிறகு திருத்தந்தை பிரான்சிஸாகப் 12 ஆண்டு இருந்தும், அதை அற்புதம் என்று அவர் அறிவிக்கவில்லை.

இந்த வரிசையில் சேராத ஒன்று இத்தாலியின் சியெனாவில் இருக்கிறது. 1730 ஆகஸ்டில் பிரான்சிஸ்கன் கோவிலிலிருந்து நன்மைப் பாத்திரத்தைத் திருடர்கள் கொண்டுபோனார்கள். அப்பங்கள் மூன்றாம் நாள் வேறொரு கோவிலின் காணிக்கைப் பெட்டியில், ஒட்டடைக்கும் தூசுக்கும் நடுவே கிடைத்தன. அவற்றில் 223 இன்றும் கெடாமல் இருப்பதாகச் சியெனா மக்கள் நம்புகிறார்கள். அங்கே சதை கிடையாது, இரத்தம் கிடையாது. அப்பம் அப்பமாகவே இருப்பதுதான் அற்புதம். அக்குவினாஸுக்குக் காட்டுவதென்றால் நான் சியெனாவைத்தான் காட்டுவேன்.

இப்போது இந்த அற்புதங்கள் மறுபடி பேச்சாகியிருப்பதற்கு ஒரு பையன் காரணம். கார்லோ அக்குதிஸ் 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது வயது 15. உலகெங்குமுள்ள நற்கருணை அற்புதங்களைத் தொகுத்துக் கணினியில் ஒரு கண்காட்சி செய்துவைத்திருந்தான். அதன் பலகைகள் பங்கு பங்காகச் சுற்றுகின்றன. 2025 செப்டம்பர் 7 அன்று அவனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். இன்னொரு காரணம் எண்ணிக்கை. அமெரிக்கக் கத்தோலிக்கரில் 31 விழுக்காட்டினர்தான் அப்பமும் இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்று நம்புவதாகப் பியூ ஆய்வு நிறுவனம் 2019இல் சொன்னது. கேள்வியை வேறு விதமாகக் கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல எண் கிடைத்தது என்றாலும், ஆயர்கள் ஆடிப்போனார்கள். நற்கருணை மறுமலர்ச்சி என்று இயக்கம் தொடங்கி, 2024 ஜூலையில் இண்டியானாபொலிஸில் பெரிய மாநாடு கூட்டினார்கள்.

அதே 2024இல், மே மாதம், வத்திக்கான் புதிய விதிகளை வெளியிட்டது. இப்படி ஒன்று நடந்ததாகச் சொல்லப்பட்டால் ஆயர் விசாரிக்கலாம், தடையில்லை என்பது முதல் இயற்கைக்கு மேற்பட்டதல்ல என்பது வரை ஆறு வகை முடிவுகளில் ஒன்றுக்கு வரலாம். ‘இது இயற்கைக்கு மேற்பட்டது’ என்று அறிவிப்பது மட்டும் வழக்கமாக இருக்காது. தனி வெளிப்பாடுகள் விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மறைக்கல்வி நூல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஒரு கத்தோலிக்கர் லான்சியானோவை நம்பாமலே நல்ல கத்தோலிக்கராகச் சாகலாம். பூசையில் நடப்பதை நம்பாமல் முடியாது. நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், விளக்கன்னூர் கிறிஸ்து அரசர் கோவிலில் 2013 நவம்பர் 15 அன்று எழுந்தேற்றத்தின்போது அப்பத்தில் ஒரு முகம் தெரிந்தது. அதற்கு வத்திக்கானின் ஏற்பு கிடைத்ததை ஊர் கேட்க அறிவித்தது 2025 மேயில். பன்னிரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

‘இல்லை’ என்ற பதிலும் வருகிறது, முன்பைவிட வேகமாக. 2015இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கெர்ன்ஸில் சிவந்த அப்பத்தை அந்த மறைமாவட்டமே சோதித்து, சிவப்பு ரொட்டிப் பூஞ்சையாகவோ பாக்டீரியாவாகவோ இருக்கும் என்று முடித்துவைத்தது. 2025 பிப்ரவரியில் இண்டியானாவின் மோரிஸ் என்ற சிற்றூரில் விழுந்த அப்பத்தைக் கிண்ணத்து நீரில் போட்டார்கள், அதே வழக்கம்தான். சில நாளில் சிவந்தது. படம் ஊரெல்லாம் பரவியது. மார்ச் மாதம் இண்டியானாபொலிஸ் உயர்மறைமாவட்டம் முடிவைச் சொன்னது: மனித இரத்தம் இல்லை; பூஞ்சையும் மனிதர் கையில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாக்களும்தான்.

ஒருவேளை இரத்தமாகவே இருந்திருந்தால்? பூசை நடக்கும்போதே பீடத்தின் மேல் அப்பம் சதையாகத் தெரிந்தால் குரு என்ன செய்ய வேண்டும் என்று அக்குவினாஸ் யோசித்துவைத்திருக்கிறார். அதை உட்கொள்ளக்கூடாது என்கிறார். நற்கருணை அப்ப இரச குணங்களோடு கொடுக்கப்பட்டது, உண்பதற்காக. ஆகவே சதையாகத் தெரிந்ததை மரியாதையோடு ஒருபுறம் வைத்துவிட்டு, வேறு அப்பமும் இரசமும் எடுத்து, மறுபடி வசீகரம் செய்து, அதை உட்கொள்ளும்படி குருவுக்கு யோசனை சொல்லலாம் என்கிறார்.